அரவிந்தவல்லி தேடிய கட்டு

கோர்ட் என்றால் நீதிபதி உட்கார்ந்திருக்கும் கூடம்தான் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். கூடத்துக்குப் பின்னால் நான்கு அறைகள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. வழக்கைப் பதிந்து எண் கொடுக்கிற அறை ஒன்று. சம்மன் கொண்டு சேர்க்கிற அமீனா, அவற்றை அடுக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்புகிற அறை ஒன்று. தீர்ப்பின் நகல் கேட்டு வருகிறவர்களுக்காக ஜன்னல் வைத்த அறை ஒன்று. எல்லாவற்றுக்கும் கடைசியில், பகலிலும் விளக்கு எரிகிற நீளமான ஆவண அறை. முடிந்த வழக்கின் தாள்களெல்லாம் அங்கே வந்துதான் கட்டாகும். மேலே எண் எழுதிய சீட்டு ஒட்டி, வருஷவாரியாக இரும்பு ரேக்கில் ஏற்றி வைப்பார்கள்.

அந்த அறை பன்னிரண்டு வருஷமாக அரவிந்தவல்லியின் பொறுப்பில் இருந்தது. ஸ்ரீபெரும்புதூர்க்காரி. அப்பா கோயில் மடைப்பள்ளியில் இருந்தவர்; கணவர் கோபுவுக்கும் அங்கேதான் தளிகை வேலை, பெருமாளுக்குச் சமைப்பது. இருபத்து மூன்று வயதில் தேர்வு எழுதித் தட்டச்சராகச் சேர்ந்தவள், நாலைந்து ஊர் மாறி, ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு நடுவே இருந்த இந்த முன்சீப் கோர்ட்டுக்கு வந்தாள். அவள் வந்தபோது ஆவண அறையில் கட்டுகள் தரையில் குவிந்து கிடந்தன. ஒரு வருஷம் மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்து, தூசி தட்டி, பட்டியல் எழுதி ரேக்கில் ஏற்றினாள். அதற்குப் பிறகு அந்த அறையில் ஒரு கட்டும் தொலைந்ததில்லை. ஆய்வுக்கு வந்த மாவட்ட நீதிபதி ஒருவர் குறிப்பேட்டில் அவளைப் பாராட்டி இரண்டு வரி எழுதிவிட்டுப் போனார். அந்தப் பக்கத்தை அவள் யாருக்கும் காட்டியதில்லை. ஆனால் அது எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று செப்டம்பரில் செங்கமலமும் அவள் மகள் சசிகலாவும் நகல் ஜன்னலுக்கு வந்தார்கள்.

செங்கமலத்தின் வீட்டுக்காரர் அண்ணாதுரை, செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கீழ்ப்பக்கம் ஒரு கிடங்கில் காவல் வேலை பார்த்தவர். பதினைந்தாம் வருஷ வெள்ளத்தன்று வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவருக்கு இறப்புச் சான்று தரமாட்டார்கள். ஏழு வருஷம் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால், அவர் இறந்துவிட்டதாகக் கோர்ட் அறிவிக்கலாம். ஏழு வருஷம் முடிந்ததும் சசிகலாதான் அம்மாவை வற்புறுத்தி வழக்குப் போட வைத்தாள். அசல் வழக்கு எண் அறுபத்து நான்கு. எதிர்த்து யாரும் வரவில்லை. ஆகஸ்ட் கடைசியில் தீர்ப்பு சாதகமாகவே வந்துவிட்டது. இனி அந்தத் தீர்ப்பின் நகலை, கோர்ட் முத்திரையோடு வாங்கிக்கொண்டு போய் இறப்புச் சான்று தருகிற ஆபீசில் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

நகல் மனு ஆவண அறைக்கு வந்தது. அரவிந்தவல்லி இருபத்து மூன்றாம் வருஷ ரேக்குக்குப் போனாள். அறுபத்து மூன்று இருந்தது, அறுபத்தைந்து இருந்தது. நடுவில் இருக்க வேண்டியது இல்லை.

அன்று அவள் பெரிதாகப் பதறவில்லை. பெஞ்ச் கிளார்க் மேசையில் இருக்கும், தட்டச்சரிடம் இருக்கும் என்று தேடினாள். எங்கும் இல்லை. தன் வரவுப் பதிவேட்டைப் புரட்டினாள். அறுபத்து நான்கு, இருபத்து மூன்று என்று எந்த வரியிலும் இல்லை. அப்படியானால் கட்டு தன்னிடம் வரவே இல்லை என்று முடிவுக்கு வந்தாள். கம்ப்யூட்டரில் பார்த்தால், வழக்கு முடிந்தது என்று மட்டும் இருந்தது. தீர்ப்பை ஏற்றாமல் விட்டிருந்தார்கள்.

கட்டுகளைக் கூடத்திலிருந்து ஆவண அறைக்குச் சுமந்து வருகிறவர் அலுவலக உதவியாளர் ஜீவானந்தம். அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"உங்க டேபிள் மேலதாம்மா வச்சேன். அன்னிக்கு நாப்பது கட்டுக்கு மேல வந்துச்சே, அதுல ஒண்ணு" என்றார்.

"வச்சிருந்தா நான் எழுதியிருப்பேனே ஜீவா" என்றாள் அரவிந்தவல்லி.

அவள் பொய் சொல்லவில்லை. எழுதாமல் எதையும் உள்ளே வைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை என்று அவளுக்கும் தெரியும், ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். கட்டு ஆவண அறைக்கு வந்து சேரவில்லை என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இரண்டு மாதத்தில் ஜீவானந்தத்துக்கு, கட்டைத் தொலைத்ததற்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. அதற்கடுத்த மாதம், மாவட்டத்தின் இன்னொரு மூலையில் இருந்த கோர்ட்டுக்கு அவரை மாற்றினார்கள். போகிற அன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனவர், ஆவண அறைக் கதவுவரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார். கோபம் என்று அவள் நினைத்தாள். செய்த தப்புக்குக் கோபம் வேறா என்றும் நினைத்தாள்.

சசிகலா வந்துகொண்டே இருந்தாள். அவளுக்கு ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் வேலை. காலை ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து நெடுஞ்சாலையில் இறங்கி, சாம்பல் நிறக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நடந்து வருவாள். சில நாள் செங்கமலமும் கூட வருவாள். செங்கமலத்துக்குச் சர்க்கரை வியாதி முற்றிக் கால் வீங்கியிருந்தது. ஜன்னல்வரை வரமாட்டாள், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். நெற்றியில் காசு அகலத்துக்குக் குங்குமம். கோர்ட்டே அவள் புருஷன் இறந்துவிட்டார் என்று சொன்ன பிறகும் அதை அவள் எடுக்கவில்லை. காகிதம் கைக்கு வரட்டும் என்று சொல்கிறாள் என்று சசிகலா ஒருநாள் ஜன்னலில் சொன்னாள்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவர்கள் வீடு ஊர் ஏரிக்கரையில் இருந்தது. கரையிலிருக்கும் வீடுகளை எடுக்கப் போகிறார்கள், பதிலுக்கு அடுக்குமாடியில் வீடு தருகிறார்கள் என்று பட்டியல் வந்தது. பட்டியலில் அண்ணாதுரையின் பெயர் இருந்தது. அவர் இறந்த சான்று கொடுத்தால் பெயரைச் செங்கமலத்துக்கு மாற்றித் தருவார்கள். அதற்கு மார்ச் மாதம்வரைதான் கெடு.

காணாமல் போன கட்டை வேறு பிரதிகளிலிருந்து மறுபடி உருவாக்க வழி உண்டு. வக்கீல் அதற்கும் மனுப் போட்டார். அந்த நேரம் பார்த்து நீதிபதி மாற்றலாகிப் போய், நாற்காலி காலியாகக் கிடந்தது. பக்கத்துக் கோர்ட் நீதிபதி வாரத்துக்கு இரண்டு நாள் வந்து அவசரமானதை மட்டும் பார்த்தார். மனு தள்ளித் தள்ளிப் போனது.

பிப்ரவரியில் ஒருநாள், அந்த வாரத்தில் மூன்றாவது முறையாகச் சசிகலா வந்து நின்றாள். அரவிந்தவல்லி அப்போதுதான் ரேக்குகளை மறுபடி ஒரு சுற்றுத் தேடி முடித்து, தும்மித் தும்மிக் கண் எரிய நகல் ஜன்னலுக்கு வந்திருந்தாள்.

"தினமும் வந்து நின்னா கட்டு தானா நடந்து வந்துடுமா?" என்று கேட்டுவிட்டாள்.

சசிகலா ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு போனாள். கேட்ட கேள்வி அரவிந்தவல்லிக்கே உறுத்தியது. ஆனால் மரத்தடிவரை போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வர அவளுக்கு அன்று தோன்றவில்லை.

மார்ச் போனது. ஜூனில் ஏரிக்கரை வீடுகளை இடித்தார்கள். அண்ணாதுரையின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றும், தாயும் மகளும் படப்பையில் ஒரு ஷீட் போட்ட அறைக்குக் குடிபோய்விட்டார்கள் என்றும் வக்கீலின் குமாஸ்தா சொன்னார். அதன் பிறகு சசிகலா வரவில்லை.

அரவிந்தவல்லிக்கு அடுத்த வருஷம் மே மாதத்தோடு அறுபது. போகுமுன் அறையைச் சுத்தமாக ஒப்படைத்துவிட வேண்டும் என்று ஏப்ரலிலேயே ஆரம்பித்தாள். விதிப்படி கெடு முடிந்த பழைய தாள்களைப் பிரித்து அழிக்க வேண்டும். அதற்குப் பட்டியல் போட்டுக்கொண்டு பதின்மூன்றாம் வருஷ ரேக்குக்கு வந்தாள். அறுபத்து இரண்டு, அறுபத்து மூன்று, அறுபத்து நான்கு என்று எழுதினாள். அடுத்ததை இழுத்தாள். அதிலும் அறுபத்து நான்கு.

ஒரே எண்ணில் இரண்டு கட்டு. முதலாவது அட்டை பழுத்து, நூல் இற்றிருந்தது. இரண்டாவதின் அட்டை புதுசு.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து நூலை அவிழ்த்தாள். முதல் தாளில் செங்கமலம், கணவர் பெயர் அண்ணாதுரை என்று இருந்தது. மேலே ஒட்டிய சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டாயிரத்து இருபத்து மூன்று என்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாயிரத்துப் பதின்மூன்று என்று எழுதியிருந்தது. அவளுடைய கையெழுத்து. ஒன்று என்ற எண்ணைத் தலை வளைத்து அவளைத் தவிர யாரும் அப்படிப் போடமாட்டார்கள்.

பதிவேட்டை எடுத்தாள். செப்டம்பரில் நாற்பத்து மூன்று கட்டுகள் வந்த நாள். அதில் இருபத்தேழாவது வரியிலும் அதே பதின்மூன்று. ஒன்றரை வருஷமாக இந்தப் பதிவேட்டை எத்தனை முறை புரட்டியிருப்பாள். ஒவ்வொரு முறையும் இருபத்து மூன்றைத் தேடியே கண் ஓடியது. ஜீவானந்தம் சொன்னது போலவே மேசைமேல்தான் வைத்திருக்கிறார். அதை எழுதி, கட்டி, தூக்கிக்கொண்டு போய்த் தவறான ரேக்கில் தன் கையாலேயே வைத்திருக்கிறாள். அந்த நாளை ஞாபகப்படுத்திப் பார்த்தாள். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. காய்ச்சல் இல்லை, வீட்டில் சண்டை இல்லை. சாதாரண நாள்.

அவள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு நேரம் முடிந்து தலைமை எழுத்தர் நாராயண் தேடிக்கொண்டு வந்தபோதுதான் எழுந்தாள்.

நாராயண் அவளைவிட ஐந்து வயது சின்னவர், நல்ல மனிதர். கட்டைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், கதவைச் சாத்திவிட்டு வந்தார். சத்தமில்லாமல் இருபத்து மூன்றாம் வருஷ ரேக்கில் வைத்துவிடுங்கள், தேடியதில் கிடைத்தது என்று ஒரு வரி எழுதினால் போதும் என்றார். ஓய்வுக்கு முப்பத்தெட்டு நாள் இருக்கும்போது குற்றச்சாட்டு, விசாரணை என்று போனால், ஓய்வே நின்று பென்ஷனும் முடங்கலாம் என்றும் எடுத்துச் சொன்னார்.

"அந்த வரியில பொய் ஒண்ணும் இல்லையேம்மா. கிடைச்சதுதானே?"

"தேடினப்ப கிடைக்கல சார். அழிக்கறப்பதான் கிடைச்சுது" என்றாள் அரவிந்தவல்லி. "ஜீவானந்தம் என்ன ஆவாரு? அவர் தொலைச்சார்னுதானே இன்னிக்கும் இருக்கு."

நாராயண் சாத்திய கதவைத் திறந்துவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

அன்று வீட்டில் கோபுவிடம் சொன்னாள். அவர் தளிகை வேலையில் பழகிய கைகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முடிவில், நீ எப்படியும் எழுதிக் கொடுக்கத்தான் போகிறாய், என்னிடம் எதற்குக் கேட்கிறாய் என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலை ஒரு தாளில் நடந்ததை அப்படியே எழுதினாள். வருஷத்தைத் தவறாக எழுதியது நான், கட்டு வரவில்லை என்று தவறாக அறிக்கை தந்ததும் நான், ஜீவானந்தத்தின் மேல் தவறில்லை என்று மூன்று பத்தி. புதிதாக வந்திருந்த பெண் நீதிபதிக்கு அவளுக்கு மகளாகிற வயதுதான் இருக்கும். தாளை இரண்டு முறை படித்துவிட்டு, உட்காருங்கள் என்றார். அவள் உட்காரவில்லை. மனுதாரருக்கு நகலை இன்றே தயார் செய்யுங்கள் என்றார் அவர்.

நகலை அவளே ஒப்பிட்டாள். நாராயண் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். மனுவில் இருந்த செல்போன் எண்ணைக் கூப்பிட்டால் மணி அடிக்கவே இல்லை. தபாலில் அனுப்பினால் பழைய ஏரிக்கரை விலாசத்துக்குப் போய்த் திரும்பி வரும். நாராயணிடம் சொல்லிவிட்டு, வக்கீல் குமாஸ்தாவிடம் அடையாளம் கேட்டுக்கொண்டு, அவளே ஷேர் ஆட்டோவில் படப்பைக்குப் போனாள்.

மனைகள் பிரித்துக் கல் நட்ட ஒரு வெளியின் ஓரத்தில் வரிசையாக ஆறு அறைகள். நாலாவது அறை வாசலில் சசிகலா துணி பிழிந்துகொண்டிருந்தாள். அரவிந்தவல்லியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. ஆனால் பிழிவதை நிறுத்தவில்லை.

கட்டு கிடைத்துவிட்டது, நகல் கொண்டுவந்திருக்கிறேன், அம்மா இருக்கிறார்களா என்று அரவிந்தவல்லி கேட்டாள்.

"அம்மா செத்து மூணு மாசம் ஆவுது" என்றாள் சசிகலா.

பொங்கல் முடிந்து நாலாம் நாள். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாள். இதையெல்லாம் சசிகலா துணியைக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னாள். அரவிந்தவல்லி தான் வந்த காரணத்தைச் சொன்னாள். கட்டு எங்கே இருந்தது, யார் எழுதிய சீட்டு, யார் தப்பு என்று ஒன்றையும் விடவில்லை. மன்னித்துவிடு என்ற சொல் வாய்வரை வந்தது. அதைக் கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று பட்டது. கேட்கவில்லை.

சசிகலா கையைத் துடைத்துக்கொண்டு நகலை வாங்கினாள். புரட்டிப் பார்த்தாள்.

"வூடும் பூட்ச்சி, அம்மாவும் பூட்ச்சி. இப்ப இத வச்சிகினு நான் இன்னா மேடம் பண்றது?"

பக்கத்து அறையில் குக்கர் சத்தம் போட்டது.

அரவிந்தவல்லி பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். தீர்ப்போடு சேர்த்துச் செங்கமலத்தின் சாட்சியத்தையும் நகல் எடுத்து வைத்திருந்தாள். யாரும் அதைக் கேட்கவில்லை. கட்டை ஒப்பிடும்போது அதைப் படித்தவளுக்கு, இது அந்தப் பெண்ணிடம் இருக்க வேண்டும் என்று தோன்றியது. சாட்சி சொன்ன அன்று சசிகலாவுக்கு ஷிப்ட். கூடத்துக்குள் அவள் இருக்கவில்லை. அம்மா உள்ளே என்ன சொன்னாள் என்று அவளுக்குத் தெரியாது. அம்மா சொல்லவும் இல்லை.

சசிகலா வாசற்படியில் உட்கார்ந்து படித்தாள். கோர்ட்டுத் தமிழில்தான் தட்டச்சாகியிருந்தது. நான் இந்த வழக்கின் வாதி. சம்பவத்தன்று என் கணவர் பச்சைக் கட்டம் போட்ட லுங்கியை மாற்றிக்கொண்டு காவலர் சீருடையில் சென்றார். மழை அதிகமாக இருந்ததால் போக வேண்டாம் என்று கூறினேன். லீவு போட்டால் வேறு ஆளை வைத்துவிடுவார்கள் என்று கூறினார். என் மகள் பள்ளிக்கூடத்துக்குக் குடை கேட்டிருந்தாள். வாங்கி வருவதாகக் கூறிச் சென்றார். நான்கு ஊர்களில் தேடினேன். அரசு ஆஸ்பத்திரியில் பதினாறு பிணங்களைப் பார்த்தேன். அவர் இல்லை.

கடைசி வரி மட்டும் தட்டச்சர் மாற்றாமல் அவள் சொன்னபடியே இருந்தது. 'அவர் செத்துட்டார்னு நான் சொல்லல. வரலைன்னுதான் சொல்றேன். செத்துட்டார்னு நீங்கதான் சொல்லணும்.'

சசிகலா அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு தாளை முழங்காலில் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதாள். சத்தமில்லாத அழுகை. தோள் மட்டும் குலுங்கியது.

"நான்தான் இட்டுனு போனேன் மேடம்" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "அது வரமாட்டேன்னுதான் சொல்லிச்சு. வூட்டுக்கோசரம்னு நான்தான் இட்டுனு போனேன்."

அரவிந்தவல்லி அவள் பக்கத்தில் உட்காரவில்லை. தொடவும் இல்லை. அவள் அழுது முடிக்கும்வரை நின்றாள். இரண்டாம் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வருகிற நேரமானதும் சசிகலா எழுந்து முகம் கழுவி, கோட்டை மாட்டிக்கொண்டு, கதவைப் பூட்டினாள். ரோடுவரை இருவரும் ஒன்றாகவே நடந்தார்கள். பஸ் ஏறும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓய்வு நிற்கவில்லை. மாவட்ட நீதிமன்றத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள், அவள் கொடுத்தாள், பணிப்பதிவேட்டில் கண்டனம் என்று பதிவானது. முப்பத்தேழு வருஷத்தில் அந்தப் புத்தகத்தில் ஏறிய முதல் கறை. ஜீவானந்தத்தின் மேல் இருந்த நடவடிக்கையை ரத்து செய்தார்கள். அவள் போனில் கூப்பிட்டுச் சொன்னதை அவர் முழுவதும் கேட்டார். கடைசியில் "சரிம்மா" என்றார். அந்த ஒரு சொல்லில் என்ன இருந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. வேறு ஏதாவது சொல்வார் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தாள். அவர் வைத்துவிட்டார்.

மே கடைசியில் கூடத்தில் மாலை போட்டு, டீயும் போண்டாவும் கொடுத்து அனுப்பினார்கள். அவள் கையால் ஒரு கட்டும் தொலைந்ததில்லை என்று பழக்கதோஷத்தில் வக்கீல் ஒருவர் பேச ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். அரவிந்தவல்லி தலை நிமிராமல் டீயைக் குடித்து முடித்தாள்.

ஜூலையில் சசிகலா நாராயணிடம் எண் வாங்கிப் போன் செய்தாள். அப்பாவின் இறப்புச் சான்று வந்துவிட்டது. அதை வைத்து அந்த அடுக்குமாடி வீட்டைத் திரும்பக் கேட்க முடியுமா, மனு எப்படி எழுதுவது என்று கேட்டாள். கேட்ட குரலில் இளக்கம் எதுவும் இல்லை. கோர்ட் வாசலில் உட்கார்ந்து எழுதித் தருகிறவர்களிடம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். அரவிந்தவல்லி மனுவை எழுதினாள். தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில், நீதிமன்ற ஊழியரின் தவறு என்று போட்டு, அடைப்புக்குறியில் தன் பெயரையும் எழுதினாள். தன் விளக்கக் கடிதத்தின் பிரதியையும் பின்னால் இணைத்தாள்.

ஒரு திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற குறைதீர்க்கும் நாளில், இருவரும் காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறினார்கள். அரவிந்தவல்லிக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் சசிகலா இரண்டு சீட் முன்னால் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வாலாஜாபாத்தில் கூட்டம் ஏறியபோது, யாரோ ஒரு பாட்டிக்கு இடம் விட்டு எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதும் பின்னால் வரவில்லை. அரவிந்தவல்லி தன் பக்கத்து இடத்தை அவளுக்காகப் பிடித்து வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.